எவுலாலியா வீட்டு முகமூடி

டொராண்டோவில், வோபர்ன் பகுதியில் மார்க்கம் ரோட்டை ஒட்டி நின்ற அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்பது அகிலாண்டேஸ்வரிக்குத் தெரியாமல் போனதில்லை. ஆறாம் மாடியில் லிஃப்ட் நின்றால் போதும், அதன் கதவு திறப்பதற்குள் அவள் வீட்டுக் கதவின் கண்ணாடித் துளை இருண்டுவிடும். யார் வீட்டுக்குப் புது சோபா வந்தது, எந்த வீட்டுப் பெண் யார் காரில் வந்து இறங்கினாள், எல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போகும். பிறகு டெலிபோன் வழியாக வெளியே போகும். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. கனடாக் குளிரில் வேறு என்னதான் செய்வது?

அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீடே பிடிபடாமல் இருந்ததுதான் வேதனை.

ஒரே சுவர். அந்தப் பக்கம் எவுலாலியாவும் அவள் கணவன் சத்துர்னினோவும். பெரு நாட்டில், மூச்சு வாங்கும் உயரத்தில் ஏதோ ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. சிரிப்பார்கள், தலையசைப்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரண்டு வருடமாக அகிலாண்டேஸ்வரி தயிர், கறிவேப்பிலை, கேசரி என்று என்னென்னவோ கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். பாத்திரம் கழுவித் திரும்பி வருமே தவிர, வாசலைத் தாண்டி உள்ளே வா என்ற வார்த்தை வரவில்லை. ஒரே ஒருமுறை கதவு சற்று அதிகமாகத் திறந்தபோது, உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு முகம் தெரிந்தது. மரத்தில் செதுக்கியது. பருந்து மூக்கு, ஒரு பக்கம் இழுத்த வாய், குதிரை மயிரில் புருவம். பார்த்தது ஒரு கணம்தான். அன்று இரவு ரசத்தில் அவள் உப்புப் போட மறந்தாள்.

சத்துர்னினோ இறந்தது அவள் கணவருடைய காரில். அவள் கணவர் ஏகாம்பரம் ஒஷாவாவில் ஒரு கார் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அதே கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் சத்துர்னினோவும், ஐந்தாம் மாடி யாழ்ப்பாணத்துப் பையன் மோகனசுந்தரமும் வேலை பார்த்தார்கள். மூவரும் ஏகாம்பரத்தின் காரில் சேர்ந்து போய் வருவார்கள். சத்துர்னினோவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எப்போதும் பின்சீட்டில், ஜன்னலோரம். அக்டோபரில் ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது தூங்குகிறான் என்று நினைத்தார்கள். மோர்னிங்சைட் தாண்டி, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஏகாம்பரம் தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் தெரிந்தது. எங்கே, எந்தத் திருப்பத்தில் போனான் என்று யாருக்கும் தெரியாது. பாதி வழி ஒரு பிணத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசிச் சிரித்து வந்திருக்கிறோம் என்று ஏகாம்பரம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மாண்ட்ரியலில் ஒலிம்பிக் நடந்த வருடம் அது. டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் எவுலாலியா வந்து கதவைத் தட்டினாள். தட்டியது அவள் என்று துளை வழியாகத் தெரிந்ததும் அகிலாண்டேஸ்வரிக்கு அவசரத்தில் தாழ்ப்பாள் சட்டென்று திறக்கவில்லை. கூடவே மோகனசுந்தரம். கூட வேலை செய்கிறவர்களிடமிருந்து பொறுக்கிய ஸ்பானிஷ் அவனிடம் கொஞ்சம் இருந்தது.

“அக்கா, அண்ணை நிக்கிறாரே? இவ அவரிட்டை ஒரு உதவி கேக்க வந்திருக்கிறா” என்றான்.

ஏகாம்பரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எதையும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கேட்பார்.

எவுலாலியா மெதுவாகச் சொல்ல, மோகனசுந்தரம் தமிழில் சொன்னான்.

“இவையின்ரை ஊரிலை வருசப்பிறப்பை ஒட்டி ஒரு ஆட்டம் இருக்காம். முகமூடி போட்டு ஆடுறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகம். ஒரு வீட்டிலை ஆம்பிளை செத்தால், அடுத்த ஆட்டத்துக்கு அந்த வீட்டு முகத்தைச் சுவரிலை சும்மா விடக்கூடாதாம். இரத்த உறவில்லாத ஒராள் போட்டு ஆடவேணுமாம்.”

“ஆடலைன்னா?” என்று கேட்டாள் அகிலாண்டேஸ்வரி.

மோகனசுந்தரம் கேட்டுச் சொன்னான். “செத்தவரே வந்து போட்டுக்கொள்ளுவாராம்.”

“ஏன், அவங்க ஆளுங்க இங்க யாரும் இல்லியா?”

“இருக்கினம் அக்கா. எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மச்சான், மாமன். நான் ஆடுறனெண்டு சொன்னனான். கலியாணம் கட்டாதவன் போடேலாதாம்.”

“அது ஏனாம்?”

“ஆட்டம் முடிய, முகத்தை அவர் தானாக் கழட்ட மாட்டாராம். வீட்டுக்காரி பேர் சொல்லிக் கூப்பிடவேணும். கூப்பிட்டால்தான் அவர் திரும்பி வருவார். இல்லாட்டி வராராம்.”

“எனக்கு முட்டி வலிங்க தம்பி” என்று ஏகாம்பரம் இழுத்தார். “ஆட்டமெல்லாம் நமக்கு வராது.”

“ஒரு மத்தியானம்தானே” என்றாள் அகிலாண்டேஸ்வரி. “உங்க கார்ல போன மனுஷன். அந்தம்மா இத்தனை நாள் கழிச்சு ஒண்ணு கேக்கறாங்க. இல்லேன்னு சொல்ல எப்படி மனசு வருது உங்களுக்கு?”

அவள் குரலில் இரக்கம் இருந்தது உண்மை. அந்த இரக்கத்துக்குப் பின்னால், முன்வரிசையில் ஒரு நாற்காலியும் இருந்தது. அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதை அவள் அப்போதே பார்த்துவிட்டாள்.

ஏகாம்பரம் சரி என்றார். பெண்டாட்டி சொன்ன பிறகு எதையும் மறுத்துப் பழகாதவர்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் அவளுக்கு இடித்தது. ஊரார் பேரெல்லாம் நுனிநாக்கில் வைத்திருந்தவள், கட்டிய கணவன் பேரை மட்டும் வாயால் சொன்னதில்லை. சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் அவர் ஆயுளில் ஒரு பிடி குறையும் என்று கல்யாணத்தன்றே அவள் அம்மா காதில் ஓதி அனுப்பியிருந்தாள். சொந்த ஊரான காஞ்சிபுரத்துப் பெரிய சிவன் கோயிலைக்கூட ‘மாமரம் இருக்கிற கோயில்’ என்றுதான் சொல்வாள்; முழுப்பேரைச் சொன்னால் அதில் கணவர் பேர் வந்துவிடும். டொராண்டோ ஏர்போர்ட்டில் அதிகாரி கணவர் பேர் கேட்டபோது பாஸ்போர்ட்டைத் திறந்து விரலை வைத்துக் காட்டினாள். பாவம், வாய் பேசாதவள் போல என்று அவர் எழுந்து நாற்காலி கொடுத்தார்.

“பேர் சொல்லித்தான் கூப்பிடணுமா தம்பி?” என்று வாசலில் மோகனசுந்தரத்தைத் தனியாகக் கேட்டாள்.

“அப்பிடித்தான் சொல்லுறா அக்கா.”

சரி, அதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். ‘ஏங்க’ என்றால் திரும்பாத மனுஷனா?

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கச் சர்ச் ஒன்றின் அடித்தளக் கூடம். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே ட்யூப்லைட்டின் வெளிறிய வெளிச்சம், வாசலில் குவித்த பூட்ஸ்களிலிருந்து ஒழுகும் தண்ணீர், பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் காப்பி. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். மேசையில் மூடியிருந்த பாத்திரங்களை அகிலாண்டேஸ்வரி ஒவ்வொன்றாக லேசாகத் திறந்து பார்த்தாள். உருளைக்கிழங்கு, அதுவும் தோலோடு. இதற்கா இத்தனை மூடி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆண்களை முன்பே பாய்லர் அறைக்குள் அழைத்துப் போயிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. ஒரு கிழவர் சின்ன மேளத்தைத் தட்டத் தொடங்கினார். இன்னொருவர் புல்லாங்குழல் மாதிரி ஒன்றை ஊதினார். கதவு திறந்தது.

முகமூடிகள் வரிசையாக வந்தன. முதுகு வளைந்து, கட்டம் போட்ட கம்பளி போர்த்தி, கையில் பிடித்த சாட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு, கிழவர்களைப் போல நடந்து, இரண்டு அடிக்கு ஒருமுறை லேசாகத் துள்ளி. எல்லா முகமும் பருந்து மூக்கு. எல்லாம் கிழடு. யாரும் சொந்தக் குரலில் பேசவில்லை. பூனைக்குட்டி கத்துவது போன்ற மெல்லிய கீச்சுக் குரலில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆட்டம் முடியும்வரை எந்த முகத்துக்குள் யார் என்று சொல்லக்கூடாது, கண்டுபிடிக்கவும் முயலக்கூடாது என்று எவுலாலியா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அகிலாண்டேஸ்வரியிடம் போய் இதைச் சொன்னால்?

“தம்பி, அந்தக் குட்டை ஆளு மூணாம் மாடி. ஷூவைப் பாருங்க, நாடா ரெண்டு கலர்” என்று மோகனசுந்தரம் காதில் ஓதினாள். “அந்தக் கோடியில ஆடறது டாக்ஸி ஓட்டறவன். இடது கையில மோதிரம்.”

“அக்கா, சும்மா இருங்கோ. உவையள் பாக்கினம்.”

கால்களை வைத்தே எல்லாரையும் அடையாளம் பிடித்துவிட்டாள். கடைசியாக வந்த முகம், எவுலாலியா வீட்டு முகம். அதன் கீழே பழுப்பு நிறத் தோல் ஷூ. காலையில் அவளே துடைத்து வைத்தது.

ஷூ அவருடையதுதான். ஆனால் ஷூவுக்குள் இருந்த கால்?

ஏகாம்பரம் படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொள்பவர். இந்தக் கால்கள் மண் தரையில் பிறந்தவை போலத் தட்டித் தட்டி ஆடின. வலது தோள் சற்று இறங்கி இருந்தது. சுமை தூக்கிப் பழகிய தோள். எதிர்ச் சுவரோரம் எவுலாலியா ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி போட்டுக்கொண்டாள்.

“அண்ணை நல்லாத்தானே ஆடுறார்” என்றான் மோகனசுந்தரம். அவன் குரலும் சரியாக இல்லை.

முகங்கள் கூட்டத்துக்குள் நுழைந்தன. அன்றைக்கு அவர்கள்தான் ஊருக்குப் பெரியவர்கள். யார் என்ன குற்றம் செய்தார் என்று முகத்துக்கு முன்னால் நின்று கீச்சுக் குரலில் சொல்வார்கள். சாட்டையைத் தரையில் அடிப்பார்கள். கேட்டவர் தலைகுனிய, மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடியன் அம்மாவுக்குக் கடிதம் போடவில்லை என்று திட்டு வாங்கினான். ஒரு பெண் தண்ணீர் கலந்து சூப் விற்றாள் என்று. சிரிப்பு அலையலையாக வந்தது.

பழுப்பு ஷூக்காரர் கூட்டத்தைக் கடந்து நேராக அகிலாண்டேஸ்வரி முன்னால் வந்து நின்றார்.

மரத்தில் இரண்டு ஓட்டைகள். அதற்குள்ளே கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. கண்ணாடி போடாமல் ஒரு கை தூரம்கூடச் சரியாகப் பார்க்காத மனுஷன் தன்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவள் நினைத்த அதே நேரம் முகம் பேசியது. நீளமாக. நடுநடுவே நாக்கை அண்ணத்தில் தட்டி, தொண்டைக்குள்ளிருந்து இழுத்து.

பக்கத்தில் இருந்த கிழவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்ன சொல்றாரு? இவருக்கு எப்ப ஸ்பானிஷ் வந்தது?” என்றாள் மெதுவாக.

மோகனசுந்தரம் காதைத் தீட்டிக் கேட்டான். “இது ஸ்பானிஷ் இல்லை அக்கா. அவையின்ரை மலைப் பாஷை. எனக்கே விளங்காது.” பக்கத்துக் கிழவியிடம் கேட்டான். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: “நீங்கள் ஒவ்வொரு நாளும் அவையின்ரை வீட்டுச் சுவரிலை காதை வைச்சுக் கேக்கிறியளாம். அந்தப் பக்கத்திலை இருந்து உங்கடை மூச்சுச் சத்தம் கேக்குமாம்.”

சாட்டை அவள் காலருகே தரையில் விழுந்தது. மெதுவாகத்தான். ஆனாலும் லினோலியத்தில் ஈரக்கோடு ஒன்று விழுந்து கிடந்தது.

மேளம் நின்றது. முகங்கள் வரிசையில் போய் நின்றன. ஒருத்தி முன்னால் வந்து “பெலிசியானோ” என்றாள். ஒரு முகம் தலையைத் தூக்கி, முடிச்சை அவிழ்த்துக் கழற்றியது. உள்ளேயிருந்து வியர்த்து வழிந்த ஒரு சாதாரண ஆள் வெளியே வந்தான். கைதட்டினார்கள். அடுத்தவள் கூப்பிட்டாள், அடுத்தவன் வந்தான். இப்படி வரிசை குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ஒரு முகம் மட்டும் தனியாக நின்றது.

எவுலாலியா அவளைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

அகிலாண்டேஸ்வரி முன்னால் போனாள். வாயைத் திறந்தாள். முதல் எழுத்து நாக்கின் கீழ் வந்து உட்கார்ந்துகொண்டது, நகரவில்லை. சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் திரும்ப மாட்டாராம். எங்கோ இருக்கும் மலைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, சொந்த வாயால் புருஷன் ஆயுளில் கை வைப்பதா? நெற்றிக் குங்குமத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள்.

முகம் சற்றுச் சாய்ந்தது. யாரோ தூரத்தில் கதவைத் தட்டியதைக் கேட்பது போல.

“ஏங்க, போதும். கழட்டிட்டு வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

கை மேலே போயிற்று. முடிச்சு அவிழ்ந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஏகாம்பரத்தின் முகம் வந்தது. வியர்வை ஒரு சொட்டு இல்லை. அவளுக்கு உயிர் வந்தது. திரும்பி எல்லாரையும் பெருமையாகப் பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை.

எவுலாலியா மோகனசுந்தரத்திடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் விளக்கினான். அவள் மறுபடி கேட்டாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“என்ன கேக்கறாங்க?”

“உதுதானோ அண்ணையின்ரை பேர் எண்டு கேட்டா. இல்லை, அது பேரில்லை, எங்கடை பொம்பிளையள் புருசனைக் கூப்பிடுற விதம் எண்டன்.” அவன் தயங்கினான். “எல்லாப் பொம்பிளையளும் எல்லாப் புருசன்மாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவினமோ எண்டு கேட்டா. ஓம் எண்டன்.”

“அதுக்கென்ன?”

“அப்ப வந்தது ஆர் எண்டு கேக்கிறா.”

எவுலாலியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முகமூடியைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாசலில் ஒருமுறை திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அகிலாண்டேஸ்வரி வேறு யார் கண்ணிலாவது பார்த்திருந்தால் அன்று மாலையே பத்து வீட்டுக்குப் போன் போயிருக்கும்.

மறுநாள் காலை மோகனசுந்தரம் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான். “அக்கா, ஒருக்காக் கீழை வாங்கோ. அண்ணை காருக்குள்ளை இருக்கிறார்.”

“வேலைக்குப் போக காருக்குள்ளதானே இருப்பாரு?”

“பின்சீட்டிலை இருக்கிறார் அக்கா. ஜன்னலோரம். கன நேரமா அப்பிடியே இருக்கிறார். ஆரும் வந்து ஓட்டட்டும் எண்டு பாத்துக்கொண்டு.”

அன்றிலிருந்து காரை மோகனசுந்தரம்தான் ஓட்டினான்.

மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. உண்மையில் முன்னைவிட நல்லவராகவே இருந்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவினார். உருளைக்கிழங்கைத் தோல் உரிக்காமல் தின்றார். ரசம் ஊற்றினால் ஒரு கணம் அதையே பார்த்துவிட்டு, மரியாதைக்காகக் குடிப்பது போலக் குடித்தார். கோட்டு இல்லாமல் பால்கனியில் நின்று, மேற்கே வெறும் சமநிலத்தை, மலை ஏதாவது தெரிகிறதா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால், வேறு யாருடைய பீரோவிலோ சட்டை தேடுவது போலச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. கண்ணாடி இல்லாமலே பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். படித்தாரா என்று தெரியாது. பக்கம் திருப்பவில்லை.

எவுலாலியா தினமும் வரத் தொடங்கினாள். கையில் சூப், இல்லாவிட்டால் ரொட்டி. இரண்டு வருடம் வாசலைத் தாண்டவிடாதவள் இப்போது இவள் வீட்டுச் சோபாவில் அரைமணி நேரம் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். கட்டடத்தில் இது பேச்சாயிற்று. ஏழாம் மாடி வசுமதி ஒரு நாள் போன் செய்து, “என்னக்கா, அந்தம்மா உங்க வீட்டுக்கே குடிவந்துட்டாங்களாமே?” என்று சிரித்தாள். அகிலாண்டேஸ்வரி வாழ்நாளில் முதல்முறையாகப் போனை முந்திக்கொண்டு வைத்தாள்.

ஒரு மத்தியானம். அவர் வேலைக்குப் போயிருந்தார். எவுலாலியாவும் கடைக்குப் போவதைத் துளை வழியாகப் பார்த்திருந்தாள். வீடும் பக்கத்து வீடும் அமைதியாக இருந்தன. சாட்டை காலடியில் விழுந்த பிறகும் பழக்கம் விடவில்லை. சுவரில் காதை வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. ஹீட்டரின் டிக் டிக்.

பிறகு ஒரு கனைப்பு. சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அவர் கனைப்பது போல, இரண்டு சின்னது, ஒரு பெரியது.

பிறகு மிக மெதுவாக, பொறுமையாக, பல தடவை கேட்டுப் பதில் கிடைக்காதவர் மறுபடி கேட்பது போல:

“அகிலா, என் கண்ணாடியைப் பாத்தியா?”

சுவர் கன்னத்தில் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவர் குரல். ஆனால் எதற்கோ பின்னாலிருந்து வந்தது; மரப்பெட்டிக்குள் இருப்பவர் பேசுவது போல.

“இருட்டா இருக்கு அகிலா.”

சாயங்காலம் எவுலாலியா கடையிலிருந்து திரும்பியபோது அவள் வீட்டு வாசலில் அகிலாண்டேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஏகாம்பரத்தின் கண்ணாடி. அதைப் பார்த்ததும் எவுலாலியாவுக்குப் புரிந்துவிட்டது. பையைக் கீழே வைத்தாள். கதவைத் திறக்கவில்லை.

இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷ்தான்.

“உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கார்” என்றாள் அகிலாண்டேஸ்வரி.

“தெரியும்” என்றாள் எவுலாலியா. “ராத்திரியெல்லாம் பேசுகிறார்.”

“தெரிஞ்சும் சொல்லலையா நீ?”

“உன் வீட்டில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். உனக்குத் தெரியாதா?” எவுலாலியாவின் குரலில் கோபம் இல்லை. “நான் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. தொடவில்லை. ஒரு சூப் கொடுக்கிறேன். பார்க்கிறேன். அக்டோபரில் காலையில் வேலைக்குப் போனவர். எனக்குச் சொல்லிவிட்டுக்கூடப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விடு.”

இன்னொரு நாளாக இருந்தால் இந்தப் பேச்சில் அகிலாண்டேஸ்வரி அழுதிருப்பாள். அழுதுவிட்டு நாலு பேரிடம் சொல்லியும் இருப்பாள். இப்போது அவள் கேட்டது கதவுக்குப் பின்னால் இருந்த இரண்டு சின்னக் கனைப்பை மட்டும்தான்.

“திற” என்றாள்.

எவுலாலியா சாவியைத் தேடி எடுத்தாள். பிறகு திறந்தாள்.

இரண்டு வருடமாக உள்ளே பார்க்கத் துடித்த வீடு. ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. நேரே கூடத்துச் சுவர் முன்னால் போய் நின்றாள். பருந்து மூக்கு. இழுத்த வாய். கண் ஓட்டைகளுக்குப் பின்னால் இருக்கவேண்டியது வெள்ளைச் சுவர். அங்கே வெள்ளை இல்லை.

கையில் இருந்த கண்ணாடியை முகமூடிக்கு நேரே நீட்டினாள். சொன்னால் ஒரு பிடி குறையும். குறையட்டும், மிச்சமாவது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள், மூச்சு மட்டும் வந்தது. மறுபடி திறந்தாள்.

“ஏகாம்பரம்.”

அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. கூடம் முழுக்க அந்தப் பேர் நின்றது. முகமூடி அசையவில்லை. ஆனால் கண் ஓட்டைகளில் மெல்ல மெல்ல வெள்ளைச் சுவர் தெரிய ஆரம்பித்தது.

எவுலாலியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அகிலாண்டேஸ்வரி அவளைத் தாண்டி வெளியே வந்தாள். தாண்டும்போது குனிந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் மோகனசுந்தரம் கைத்தாங்கலாக அவரைக் கொண்டுவந்து விட்டான். “பின்சீட்டிலை இருந்தவர் அக்கா, சடாரெண்டு எழும்பி, கார் ஆர் ஓட்டுறது, என்ரை கண்ணாடி எங்கை எண்டு கேட்டுக் கத்தத் துடங்கிட்டார்.”

ஏகாம்பரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரே மர வாசனை” என்றார். “யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. பொம்பளைக் குரல்.”

“நான்தான்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “நீயா? பேர் சொல்லியா?” என்று கேட்டார். அவர் மனசு புண்பட்டது முகத்தில் தெரிந்தது. முட்டியைத் தடவிக்கொண்டே, “ரசம் இருக்கா?” என்றார்.

இரண்டு டம்ளர் ரசம் குடித்தார். அவள் அப்போதுதான் சமையலறைக்குள் போய் அழுதாள்.

எவுலாலியா அதன்பிறகு வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் பழையபடி தலையசைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டடம் வேறு கதைக்குப் போயிற்று. இனி சுவரில் காது வைப்பதில்லை என்று அகிலாண்டேஸ்வரி முடிவு செய்தாள். ஏறக்குறைய ஒரு மாதம் அதைக் காப்பாற்றவும் செய்தாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. பனி உருகிப் பால்கனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதை வைக்கத் தேவையே இருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தெளிவாக, உச்சரிப்பைப் பழகிப் பழகிச் சரிசெய்துகொண்ட ஒரு குரல் கேட்டது.

“ஏங்க.”

ஏகாம்பரம் தலையைத் தூக்கினார். பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றி, காதுக்கம்பிகளை மடக்கி, மேசையில் ஓரமாக வைத்தார். வலது தோள் மெல்ல இறங்கியது. முட்டியைப் பிடிக்காமல் எழுந்தார்.

“ஏகாம்பரம்” என்றாள் அகிலாண்டேஸ்வரி.

அவர் நின்றார். முகத்தைச் சுளித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “என்ன, எதுக்குக் கூப்பிட்டே?” என்று கண்ணாடியைத் தேடினார்.

“ஏங்க” என்றது சுவர். அவசரமில்லாமல். பொழுது நிறைய இருக்கிறது என்பது போல.

“ஏகாம்பரம்.”

இது இரண்டாவது பிடியா மூன்றாவதா என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. கீரையை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.